ஆழ்கடல் புகட்டும் தலைமைப் பாடம்

 

தலைமையும் கூட்டுப்பணியும் என்னும் பொருள்பற்றி உரையாற்றுமாறு விழாக்குழுவினர் எம்மைப் பணித்தனர். இப்பொருள்பற்றிப் பேசுவோர் மன்னர்களையும் படைத்தலைவர்களையும் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். களத்தில் முன்னே நிற்பவரே தலைவர் என்ற எண்ணம் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. யாமோ இன்று உங்களை வேறொரு களத்துக்கு அழைத்துச் செல்ல விழைகின்றோம். கதிரவன் ஒளி எட்டாத ஆழ்கடல் அக்களம். பல ஆண்டுகளாகத் தேடிய பொருள் அகப்பட்ட அந்த நொடியில், தம் அறையில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த ஒருவரே யாம் பேச எடுத்துக்கொண்ட தலைவர். வியப்பாக இருக்கிறதல்லவா? அவ்வியப்பில்தான் நமக்குரிய பாடம் அடங்கியிருக்கிறது.

அவர் பெயர் இராபர்ட் பாலர்ட். அமெரிக்க நாட்டில் கடலுக்கு வெகு தொலைவிலுள்ள கான்சாஸ் மாநிலத்தில் 1942ஆம் ஆண்டு பிறந்தார். அவர்தம் குடும்பம் பின்னர் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் குடியேறியது. அங்கே கடலைக் கண்ட சிறுவன் அதன் அடித்தரையைக் காண வேண்டுமென்று கனவு கண்டான். 1967இல் கடற்படைப் பணிக்கு அழைக்கப்பட்ட அவர், வுட்ஸ் ஹோல் என்னுமிடத்திலுள்ள கடலாய்வு நிறுவனத்தோடு தொடர்பு கொண்டார். அன்று தொடங்கிய ஆழ்கடல் ஆய்வு அவர் வாழ்க்கைத் தொழிலாயிற்று. பிற்காலத்தில் பல மேடைகளில் தம் கடற்பயண அனுபவங்களை எடுத்துரைத்து, தலைமையின் இயல்பையும் கூட்டுப்பணியின் மேன்மையையும் விளக்கிப் பேசியவர் அவர். எனினும், அவர் பேச்சைவிட அவர் கப்பலில் நடந்தவையே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கின்றன. அவற்றையே ஈண்டுக் கூறுவோம்.

டைட்டானிக் கப்பலின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1912 ஏப்ரல் 14ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அது வட அட்லாண்டிக் கடலில் பனிப்பாறையொன்றில் மோதியது. மறுநாள் அதிகாலை 2 மணி 20 நிமிடத்துக்கு மூழ்கியது. அதில் பயணம் செய்தோர் ஏறத்தாழ 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கு மட்டுமே இடமிருந்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். முதல் வகுப்பில் சென்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பில் சென்ற ஏழைகளுள் நால்வரில் ஒருவரே கரை சேர்ந்தார். கடல் எல்லோர்க்கும் ஒன்றாகவே இருந்தது. படகை அடையும் வழிதான் எல்லோர்க்கும் ஒன்றாக இல்லை. சேரியில் பிறந்து வளர்ந்த நமக்கு இச்செய்தியை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

மூழ்கிய கப்பல் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுமாதலால், அங்குள்ள அழுத்தம் நாம் தரையில் உணர்வதைப் போல் ஏறத்தாழ 380 மடங்காகும். அங்கே என்றும் இரவு. அங்கிருந்து ஒரு கப்பலைத் தேடிக் கண்டறிவது எளிதன்று.

பாலர்ட் 1977இல் முதன்முறை முயன்றார். துளையிடும் கப்பலொன்றிலிருந்து நீண்ட குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து இறக்கி, அதன் நுனியில் கருவிகளைப் பொருத்திச் சோதித்தார். குழாய் முறிந்தது. பிறரிடமிருந்து இரவலாகப் பெற்ற விலையுயர்ந்த கருவிகள் கடலடிக்குச் சென்றன. பின்னர் 1980, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வேறொரு செல்வர் பெரும் பொருள் செலவிட்டு அனுப்பிய குழுக்களும் வெறுங்கையோடு திரும்பின.

வெற்றிக்கு வழி எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள் இரண்டு, 'திரெஷர்' 1963இலும் 'ஸ்கார்ப்பியன்' 1968இலும், மூழ்கிப் போயிருந்தன. அவற்றின் சிதைவுகளை ஆராயும் பணியைக் கடற்படை பாலர்டிடம் ஒப்படைத்தது. அதனை முடித்தபின் எஞ்சும் நாட்களில் டைட்டானிக்கைத் தேடிக்கொள்ளலாம் என்று இசைவளித்தது. இச்செய்தி 2008ஆம் ஆண்டில்தான் உலகுக்கு விரிவாகத் தெரியவந்தது. அச்சிதைவுகளை ஆராய்ந்தபோது பாலர்ட் ஓர் உண்மையைக் கண்டார். களத்துமேட்டில் நெல் தூற்றுவதைக் கண்டவர்கள் நாம். கனத்த மணி காலடியில் விழும். இலேசான பதர் காற்றோடு சென்று தொலைவில் விழும். கடலிலும் அவ்வாறே கனத்த பொருள்கள் நேரே இறங்க, இலேசானவை நீரோட்டத்தோடு நெடுந்தொலைவு பரவிக் கிடந்தன. ஆகவே, கப்பலின் உடலைத் தேடுவதைவிட, நீண்டு கிடக்கும் சிதைவுத் தடத்தைத் தேடுவதே அறிவுடைமை என்று அவர் முடிவு செய்தார். பெரியதைத் தேடிக் காணாதவர், சிறியதைப் பின்பற்றிப் பெரியதை அடைய எண்ணினார்.

1985ஆம் ஆண்டுத் தேடல் அவர் ஒருவருடைய தேடலன்று. அஃது அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து மேற்கொண்ட முயற்சி. பிரெஞ்சுக் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ழான் லூயி மிஷெல் என்னும் பொறியாளர் அதன் இணைத் தலைவர். முதலில் பிரெஞ்சுக் கப்பல் ஒலியலைக் கருவியைக் கொண்டு பல வாரங்கள் தேடியது. கப்பல் கிடைக்கவில்லை. ஆனால், குறித்த பரப்பில் பெரும் பகுதியில் டைட்டானிக் இல்லை என்பது தெளிவாயிற்று. இல்லாத இடத்தை இல்லையென்று உறுதிசெய்வதும் தேடலில் ஒரு பகுதியே. அவ்வுழைப்பு இல்லையேல் பின்னால் வந்தவர்கள் மீண்டும் அதே வெற்றிடத்தில் தம் நாட்களைக் கழித்திருப்பார்கள்.

அடுத்து, 'நார்' என்னும் பெயர்கொண்ட அமெரிக்க ஆய்வுக்கப்பல் அங்கு வந்து சேர்ந்தது. பாலர்டிடம் எஞ்சியிருந்தவை 12 நாட்களே. ஒளிவிளக்குகளும் தொலைக்காட்சிக் கேமராக்களும் பொருத்திய 'ஆர்கோ' என்னும் இரும்புச் சட்டத்தை நீண்ட வடத்தில் கட்டி, கடலடித் தரைக்குச் சற்று மேலே இழுத்துச் சென்றனர். அவ்வேலையை அவர்கள் பகிர்ந்துகொண்ட முறையை இளைஞர்கள் கூர்ந்து கவனித்தல் வேண்டும்.

நாள் முழுவதையும் முறைப்பணிகளாகப் பிரித்தனர். மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவும் 4 மணி நேரம் பணியாற்றி 8 மணி நேரம் ஓய்வு கொள்ளும். ஒருவர் வடம் சுற்றும் பொறியருகே அமர்ந்து ஆர்கோ தரையில் மோதாதவாறு ஏற்றியும் இறக்கியும் காப்பார். ஒருவர் கப்பல் இருக்குமிடத்தைக் கணித்துச் சொல்வார். மேல்தளத்தில் ஒருவர் கப்பலை மெல்லச் செலுத்துவார். ஒருவர் ஒலியலைக் கருவியை நோக்குவார். மற்றவர் குறிப்பெழுதுவார். வடத்தைக் கவனிப்பவர் ஒரு கணம் கண்ணயர்ந்தால் கருவி சேற்றில் புதையும். குறிப்பெழுதுபவர் சோம்பினால் கண்ட இடமே மறந்துபோகும். திரையில் மணிக்கணக்காகத் தெரிந்ததோ வெறும் சேறு. நாட்கள் கடந்தன, சேறு மாறவில்லை. ஆயினும், ஒவ்வொரு முறைக்கும் உரியவர்கள் வந்து அமர்ந்தார்கள்.

1985 செப்டம்பர் 1ஆம் நாள் நள்ளிரவு கடந்தது. மிஷெலின் குழு பணியில் இருந்தது. பாலர்ட் தம் அறைக்குச் சென்று படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஒரு மணியளவில் சேற்றுக்கிடையே மனிதர் செய்த பொருள்களின் துண்டுகள் திரையில் தோன்றின. பின்னர் வட்ட வடிவான பெரியதொரு பொருள் தெரிந்தது. பழைய நிழற்படத்தோடு ஒப்பிட்டு, அது டைட்டானிக்கின் கொதிகலன் என்று தெளிந்தனர். தலைவரை அழைக்க வேண்டுமே! திரையை விட்டு நகர ஒருவர்க்கும் மனமில்லை. அவ்வேளை அங்கிருந்த கப்பலின் சமையற்காரரை அனுப்பினர். அவர் வந்து கதவைத் தட்டியதும், இரவு உடையின் மேல் பணியுடையை மாட்டிக்கொண்டு பாலர்ட் ஓடினார். 73 ஆண்டுகள் மறைந்து கிடந்த கப்பல் தலைவர் இல்லாத வேளையில் கண்டுபிடிக்கப்பட்டது. அச்செய்தியைத் தலைவர்க்குச் சுமந்து சென்றவர் சமையற்காரர்.

அனைவரும் ஆரவாரம் செய்தனர். சற்று நேரத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். டைட்டானிக் மூழ்கிய 2 மணி 20 நிமிடம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாம் கூத்தாடிக்கொண்டிருப்பது 1,500 பேரின் கல்லறைக்கு மேல் என்பது அவர்கள் நெஞ்சில் உறைத்தது. ஆரவாரம் அடங்கிற்று. பாலர்ட் அவர்களைக் கப்பலின் பின்தளத்துக்கு அழைத்துச் சென்றார். இருளில் சில நிமிடங்கள் மௌனமாக நின்று மாண்டோரை நினைத்து வணங்கினர். பின்னர், தம் பணிக்குத் திரும்பினர்.

அன்பிற்குரிய இளைஞர்களே! இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் பெறும் முதற்பாடம் யாது? தலைவர் இருக்கும்போது நடக்கும் வேலையைக் கொண்டு தலைமையை அளத்தல் கூடாது. அவர் இல்லாதபோது நடக்கும் வேலையைக் கொண்டே அளத்தல் வேண்டும். பாலர்ட் அந்நேரத்தில் படுத்திருந்தது சோம்பலன்று. முறை வகுத்து, தக்கவரிடம் பொறுப்பைக் கொடுத்து, நம்பிக்கையோடு ஓய்வெடுக்கச் சென்றார். எல்லாத் திரைகளையும் தாமே பார்ப்பேன் என்று அவர் அடம்பிடித்திருந்தால், மூன்றாம் நாளே கண்ணயர்ந்திருப்பார். கொதிகலன் திரையில் தோன்றி மறைந்திருக்கும்.

இரண்டாவது பாடம், 'வேண்டாம்' என்று சொல்பவரின் குரலைக் கேட்டல். 1986 ஜூலை மாதத்தில் பாலர்ட் 'ஆல்வின்' என்னும் சிறு நீர்மூழ்கியில் இருவருடன் டைட்டானிக்கை நோக்கி இறங்கினார். இறங்குவதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும். மின்கலத்தில் கடல்நீர் கசிவதாக எச்சரிக்கை ஒலித்தது. கப்பலின் கரிய சுவர் கண்முன் தோன்றியது. பல ஆண்டுக் கனவு கைக்கெட்டும் தொலைவில் நின்றது. ஆயினும் சில கணங்கள் பார்த்த அளவில் அவர்கள் மேலேறினர். எச்சரிக்கைக்குப் பணிந்து திரும்பியவர், பழுதை நீக்கியபின் மீண்டும் இறங்கிக் கப்பலைக் கண்குளிரக் கண்டார். அந்த ஆல்வின் 1964 முதல் 5,000 முறைக்கு மேல் கடலில் மூழ்கி எழுந்திருக்கிறது. ஓர் உயிரும் அதில் மாண்டதில்லை.

இதற்கு மாறான ஒன்றையும் கூற வேண்டியிருக்கிறது. 2023 ஜூன் 18ஆம் நாள், அதே டைட்டானிக்கைக் காணச் சென்ற 'டைட்டன்' என்னும் நீர்மூழ்கி கடலின் அழுத்தம் தாங்காமல் நொறுங்கியது. அதனை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் உட்பட ஐவர் மாண்டனர். அதன் பாதுகாப்புப்பற்றி 2018ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் எழுத்து மூலம் எச்சரித்திருந்தார்; அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். துறை அறிஞர் பலரும் அதே ஆண்டில் கவலை தெரிவித்தனர். கேட்கும் செவி இல்லை. ஒரே கடல், ஒரே ஆழம், ஒரே கப்பல். ஒரு தலைவர் எச்சரிக்கையைக் கேட்டுத் திரும்பினார். மற்றொருவர் எச்சரித்தவரைத் திருப்பி அனுப்பினார். நம் கூட்டங்களில் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, இந்தக் கணக்கு சரியாக இல்லை" என்று கூறினால் அவரை அமரச் சொல்லுகிறோமா, கணக்கேட்டைத் திறக்கிறோமா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பாடம் புகழைப் பற்றியது. டைட்டானிக்கைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் உலகம் பாலர்டின் பெயரையே கூறும். மிஷெலின் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். வடத்தைக் காத்தவர் பெயரும் குறிப்பெழுதியவர் பெயரும் அறிந்தோர் அவரினும் சிலர். உலகம் பெரும்பாலும் ஒரு பெயரையே நினைவில் வைக்கிறது. அஃது உலகின் குறை. அக்குறையை நம் கழகத்துக்குள்ளும் புகவிடுதல் தகாது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் கட்டிய கோவில்களுக்கும் மாளிகைகளுக்கும் கல் சுமந்து, கல்வெட்டில் பெயர் பெறாத மக்கள் நாம். பெயர் மறைக்கப்படுவதன் வேதனையை நம்மைவிட அறிந்தவர் யார்? அவ்வேதனையை நாமே நம்மவர்க்கு இழைக்கலாமா?

இனி ஆசிரியர் என்ற முறையில் எம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாலர்ட் 2021இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலில், தமக்கு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உண்டென்பதை வெளிப்படுத்தினார். அறிவில் குறையின்றியும் எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதில் இடர்ப்படும் நிலை அது. வாசிப்பில் இடர்ப்பட்ட அவரே படங்களைக் கண்டு பொருள் உணர்வதில் வல்லவராக விளங்கினார். இதனைப் படித்த அன்று எமக்கு உறக்கம் வரவில்லை.

யாம் பணியில் சேர்ந்த புதிதில் எம் வகுப்பில் நம் சமுதாயச் சிறுவன் ஒருவன் இருந்தான். எழுத்துகளை முன்பின்னாக எழுதுவான். உரக்கப் படிக்கச் சொன்னால் நடுங்குவான். ஆனால், ஒருமுறை பார்த்த தேசப்படத்தைப் பாராமலே வரைவான். பழுதான மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டுவான். யாமோ அவனை மந்தன் என்று எண்ணினோம். கடைசி வரிசையில் அமர்த்தினோம். எட்டாம் வகுப்பு முடியுமுன்னே அவன் செங்கற்சூளை வேலைக்குப் போய்விட்டான். நம் பிள்ளைகளைப் பிறர் தாழ்வாக எண்ணுகிறார்கள் என்று மேடையில் முழங்கும் யாமே எம் வகுப்பறையில் அத்தவற்றைச் செய்தோம். அறியாமை என்று கூறி எம்மை மன்னித்துக்கொள்ள முடியவில்லை. அவன் என்ன இடர்ப்படுகிறான் என்று கேட்டறிய ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது.

1977ஆம் ஆண்டில் பாலர்டும் பங்கு கொண்ட ஓர் ஆய்வுக்குழு, கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. கதிரவன் ஒளி புகாத அவ்விடம் பாலைவனம் போன்றிருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். அக்குழுவில் உயிரியல் அறிஞர் ஒருவரும் இடம்பெறவில்லை. அங்கு உயிர் இருக்குமென எதிர்பார்த்தாலன்றோ அவரை அழைத்துச் செல்வர்! ஆனால், ஊற்றுகளைச் சுற்றிச் சிப்பிகளும் நண்டுகளும் புழுக்களும் செழித்து வாழ்ந்தன. ஊற்றுநீரிலுள்ள வேதிப்பொருளிலிருந்து ஆற்றல் பெறும் நுண்ணுயிர்களே அவ்வாழ்வுக்கு அடிப்படை என்பது பின்னர் விளங்கிற்று. 'அங்கே ஒன்றும் விளையாது' என்று சொன்னவர்கள் அங்கே இறங்கிப் பாராதவர்கள். நம் தெருக்களைப்பற்றியும் அவ்வாறு சொன்னவர்கள் உண்டு. அச்சொல் பொய்யென்பதற்கு இவ்வெள்ளி விழாவே சான்று. அதே சொல்லை நம்முள் எவரும் ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்லாதிருப்போமாக.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார்கள். 1946இல் அதன் சார்பில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கப்பட்டது. 1956இல் அண்ணல் மறைந்தார்கள். கல்லூரி மறையவில்லை. தம் காலத்துக்குப் பின்னும் நடக்க வேண்டிய பணியை ஓர் அமைப்பிடம் ஒப்படைத்துச் சென்ற தலைமை அது.

நம் கழகத்தின் நிலை என்ன? 25 ஆண்டுகளில் நாம் செய்தவை பல. அவற்றை ஆண்டறிக்கை கூறும். யாம் கூற விழைவது வேறு. மாலை வகுப்பின் பொறுப்பாளர் வெளியூர் சென்ற நாட்களில் வகுப்பறை இருளில் கிடப்பதை யாம் கண்டிருக்கிறோம். பிள்ளைகள் புத்தகப் பையுடன் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். அவர் நல்லவர், உழைப்பாளி. குறை அவருடையதன்று. அவர் ஒருவரை நம்பி நாம் அனைவரும் உறங்கச் சென்றதே குறை. வேலையைப் பகிர்ந்துகொண்டவர்க்கு உறங்கும் உரிமை உண்டு. பகிராது விட்டவர்க்கு அவ்வுரிமை ஏது?

ஆகவே, யாம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். அடுத்த நிர்வாகக் குழுவில் யார் தலைவர், யார் செயலாளர் என்ற பேச்சு இளைஞரிடையே இப்போதே எழுந்திருப்பதை அறிவோம். அப்பேச்சு ஒருபுறம் நிற்கட்டும். முதலில் ஒரு தாளில் வாரத்தின் 7 நாட்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இருவர் பெயரை எழுதுங்கள். ஒருவர் வராவிடினும் மற்றவர் கதவைத் திறப்பார். ஒருவர் கணக்குச் சொல்லித் தரட்டும்; ஒருவர் வாசிக்கத் திணறும் பிள்ளையின் அருகில் அமரட்டும்; படிக்காத தாய்மார் வருகைக் குச்சிகளை எண்ணி வைக்கட்டும்; விளக்குக்கும் குடிநீருக்கும் ஒருவர் பொறுப்பேற்கட்டும். அந்தத் தாளை வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். சுவரொட்டியில் வரும் பெயரைவிட அத்தாளில் வரும் பெயர் பெரிது. பல நாட்கள் வெறும் சேறே கண்ணுக்குத் தெரியும். பிள்ளை படிக்கிறானா என்ற ஐயம் எழும். ஆயினும் உங்கள் முறை வரும்போது வந்து அமருங்கள். என்றோ ஓர் இரவில், உங்களுள் யாரோ ஒருவரின் முறையில், அந்தக் கொதிகலன் தோன்றும்.

நிறைவாக ஒன்று. 'நார்' கப்பலில் ஆரவாரம் அடங்கி அவர்கள் மௌனமாக நின்றதை நினைவு கூருங்கள். இக்கழகத்தைத் தொடங்கியவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. கூலியில் ஒரு பங்கை ஒதுக்கித் தந்தவர்களும், கீற்று முடைந்து கூரை வேய்ந்தவர்களும், தாம் ஓர் எழுத்தும் அறியாமல் நம் கையில் பலகையைக் கொடுத்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். விழாவின் மகிழ்ச்சிக்கிடையே எழுந்து ஒரு நிமிடம் அவர்களை நினைப்போம். பின்னர் அவரவர் முறைக்குத் திரும்புவோம்.